பைக்கின் அலுமினியத்துக்கும் குரோமுக்கும் எந்தப் பாலிஷ்?

பைக்கைப் பளபளப்பாக வைத்திருக்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தப் பாலிஷ் வாங்கலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "வண்டியில் எந்த இடத்துக்கு?" தட்டிக்கழிப்பதற்காக இப்படிக் கேட்பதில்லை. ஒரே வண்டியில் வெள்ளி நிறத்தில் மின்னும் பாகங்கள் நான்கைந்து வகையாக இருக்கும். என்னுடைய பழைய வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். மட்கார்டு, ஹேண்டில்பார், சைலன்சர் மூன்றும் இரும்பின் மேல் குரோம் முலாம் பூசியவை. கிளட்ச் கவர் வெறும் அலுமினியம். வீல் ஹப்பும் அலுமினியம்தான், ஆனால் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத கிளியர் கோட், அதாவது நிறமில்லாத வார்னிஷ் போன்ற பூச்சு. ஃபோர்க்கின் மேல்மூடி அனோடைஸ் செய்தது, அது என்ன என்று பிறகு சொல்கிறேன். இண்டிகேட்டரின் ஓடு பார்வைக்குக் குரோம், தட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக். இந்த ஐந்துக்கும் ஒரே டப்பா ஒத்துவராது.

வண்டியை நான் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். விற்றவர், "ரொம்ப ஆசையா வெச்சிருந்த வண்டி சார்" என்றார். பொய்யில்லை, ஆசை ஆசையாகத் தேய்த்திருக்கிறார். வீல் ஹப்பில் கிளியர் கோட் பாதி போய், மீதி ஒட்டிக்கொண்டு, தேமல் விழுந்த தோல் மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. முன் மட்கார்டின் மேல்வளைவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் சாயல். எதைப் போட்டுத் துடைத்தாலும் அது போகவில்லை. முலாம் பூசும் பட்டறை ஒன்றுக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். அங்கிருந்த பெரியவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது அழுக்கு இல்ல தம்பி. குரோம் போயிடுச்சு. நீங்க பாக்குறது அடியில இருக்கிற நிக்கல்" என்றார்.

"தேய்ச்சா சரியாகாதுங்களா?"

"தேய்ச்சா நிக்கலும் போகும். அப்புறம் இரும்புதான்."

அதன் பிறகுதான் முலாமைப் பற்றித் தேடிப் படித்தேன். நாம் குரோம் என்று சொல்லும் பூச்சில் குரோமியம் மிகக் கொஞ்சம். அலங்காரத்துக்குப் பூசும் குரோம் படலத்தின் தடிமன் பெரும்பாலும் 0.25 முதல் 0.5 மைக்ரான் வரைதான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி போன்ற வழவழப்பைத் தருவதும், துருவைத் தடுப்பதும் அதற்கு அடியில் இருக்கும் நிக்கல். அது பத்து, இருபது மைக்ரான் அளவில் இருக்கும். நிக்கலுக்கு இயல்பாகவே மஞ்சள் சாயல் உண்டு, காற்றுப் பட்டால் மங்கவும் செய்யும். அதன் மேல் குரோமை மெல்லியதாகப் பூசினால் நிறம் நீலம் கலந்த வெள்ளையாகிவிடும், மங்குவதும் நின்றுவிடும். குரோம் முலாம் தொழிலுக்கு வந்தது 1920களின் நடுவில்தான். அதற்கு முந்தைய வண்டிகளில் மின்னியதெல்லாம் நிக்கல். அந்தக் காலத்து வண்டி யாரிடமாவது இருந்தால், மஞ்சளைப் பார்த்துப் பதற வேண்டாம், அதன் நிறமே அதுதான்.

ஆக, குரோமைப் பொறுத்தவரை பாலிஷ் போடுவது என்ற பேச்சே கொஞ்சம் தவறான எண்ணத்தைத் தருகிறது. குரோம் ஏற்கெனவே பளபளப்பாகத்தான் இருக்கிறது. மேலே படிந்த சாலைத் தார், எண்ணெய், தண்ணீர்க் கறை, துருப்புள்ளி இவற்றை எடுத்தால் போதும். அதற்கு நமக்கு வேண்டியது சுத்தம் செய்யும் பொருள். அலுமினியம் நேர்மாறு. அதன் மேற்பரப்பையே ஒரு துளி அராவி எடுத்தால்தான் பளபளப்பு வரும். இந்த இரண்டு வேலைக்கும் ஒரே பொருளைத் தேடும்போதுதான் சிக்கல். சில கம்பெனிகளே இரண்டையும் தனித்தனியாக விற்கின்றன. மதர்ஸ் நிறுவனத்தில் 'மேக் அண்ட் அலுமினியம்' ஒரு டப்பா, குரோம் பாலிஷ் வேறு ஒன்று. இரண்டையும் வாங்கவைக்கும் வியாபாரத் தந்திரம் என்று முன்பு நினைத்தேன், இப்போது அப்படி நினைக்கவில்லை.

சரி, கையில் இருக்கும் பாகம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு மூன்று சோதனைகள் போதும்.

முதலில் காந்தம். பளபளப்பான பாகத்தில் காந்தம் கப்பென்று ஒட்டினால், அது அநேகமாக இரும்பின் மேல் குரோம். ஒட்டவில்லை என்றால் அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பிளாஸ்டிக் மூன்றில் ஒன்று. பிளாஸ்டிக்கை நகத்தால் தட்டினாலே தெரிந்துவிடும், சத்தம் மொட்டையாக இருக்கும், தொட்டால் உலோகத்தின் குளிர்ச்சி இருக்காது. ஸ்டெயின்லெஸ் பெரும்பாலும் சைலன்சர், போல்ட், சில வண்டிகளின் ஸ்போக் ஆகியவற்றில் வரும். காந்தத்தை ஒரு மெல்லிய துணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அதுவே கீறல் போட்டுவிடும்.

அடுத்தது துணி கறுக்கிறதா என்று பார்க்கும் சோதனை. அலுமினியம் என்று தெரிந்த பாகத்தில், வெளியே தெரியாத ஒரு மூலையில் விரல் நுனியளவு பாலிஷ் வைத்து வெள்ளைத் துணியால் தேய்க்க வேண்டும். சில நொடிகளில் துணி கரியாகக் கறுத்தால் அது வெறும் அலுமினியம், தாராளமாகப் பாலிஷ் போடலாம். துணி வெள்ளையாகவே இருந்தால், அல்லது லேசான சாம்பல் அழுக்கு மட்டும் வந்து நின்றுவிட்டால், மேலே ஏதோ ஒரு பூச்சு இருக்கிறது. அந்த இடத்தில் அதோடு நிறுத்திவிட வேண்டும். கிளியர் கோட்டை மெட்டல் பாலிஷால் தேய்த்தால் உலோகம் மின்னாது, கோட்தான் மங்கும்.

மூன்றாவது மல்டிமீட்டர். பூச்சு இருக்கிறதா இல்லையா என்று துணியைப் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், மீட்டரை பீப் சத்தம் வரும் கன்டினியூட்டி நிலையில் வைத்து, இரண்டு முனைகளையும் பாகத்தின் மேல் லேசாகத் தொடவைக்க வேண்டும். அழுத்தக் கூடாது, குத்தவும் கூடாது, முனை பூச்சைத் துளைத்துவிட்டால் பதில் தப்பாகிவிடும். வெறும் அலுமினியத்தில் உடனே பீப் அடிக்கும். கிளியர் கோட்டோ அனோடைஸோ இருந்தால் மீட்டர் வாயே திறக்காது, இரண்டும் மின்சாரத்தைக் கடத்தாது. வாங்கிய புதிதில் என் வண்டி முழுக்க இந்தச் சோதனையைச் செய்தேன். ஒரே எஞ்சினில் கிளட்ச் கவர் பீப் அடித்தது, அதை ஒட்டியிருந்த செயின் ஸ்ப்ராக்கெட் கவர் அடிக்கவில்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. அந்த ஸ்ப்ராக்கெட் கவரை முன்பே யாரோ மாற்றியிருக்க வேண்டும்.

அனோடைஸ் பற்றி ஒரு வார்த்தை. அது மேலே பூசிய பூச்சு கிடையாது, அலுமினியத்தின் மேற்பரப்பையே மின்சாரம் மூலம் ஆக்சைடாக மாற்றி வளர்த்தெடுத்தது. அலங்கார வேலைகளில் சில மைக்ரான் முதல் 25 மைக்ரான் வரை இருக்கும். சிவப்பு, நீலம், தங்க நிறத்தில் வரும் லீவர், மூடி எல்லாம் இந்த வகைதான். சாயம் அந்த ஆக்சைடுக்குள் இறங்கியிருக்கும். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் நிறம் சன்னமாகும், திரும்ப வராது. சோப்புத் தண்ணீர், கொஞ்சம் வேக்ஸ், அவ்வளவுதான் அதற்கு.

பிளாஸ்டிக் குரோமுக்கும் அதே வைத்தியம்தான். எந்த பேஸ்டும் அதன் பக்கத்தில் போகக் கூடாது.

இனி அலுமினியத்துக்கு வருவோம், பாலிஷ் தேர்வு என்பது உண்மையில் இங்கேதான் இருக்கிறது. அலுமினியம் மென்மையான உலோகம், கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் 3க்குக் கீழே. வெட்டிய நொடியிலேயே காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே சில நானோமீட்டர் தடிமனுக்கு ஆக்சைடு படலம் போட்டுக்கொள்ளும். அந்த அலுமினியம் ஆக்சைடோ மோஸ் அளவில் 9, உப்புத்தாளில் ஒட்டும் பொடியே அதுதான். மென்மையான உடம்புக்கு மேல் கடினமான தோல். இந்தத் தோல் மெல்லியதாக இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. ஈரமும் உப்பும் சேர்ந்து அரிக்கத் தொடங்கினால்தான் வெள்ளையாகப் பூத்துப்போகும், நாம் மங்கல் என்று சொல்வது இதைத்தான்.

பாலிஷ் என்பது அடிப்படையில் மூன்று பொருள்களின் கலவை. அராவுவதற்கு ஒரு பொடி, அதைச் சுமந்து செல்ல மண்ணெண்ணெய் வகை திரவம், அழுக்கையும் ஆக்சைடையும் இளக்கச் சோப்போ அமோனியாவோ. கடைசியாகப் பாதுகாப்புக்கு மெழுகோ சிலிக்கோனோ சிலவற்றில் சேர்க்கிறார்கள். இவற்றில் நமக்கு முக்கியம் பொடி: அது எவ்வளவு பெரியது, எவ்வளவு கடினமானது. டப்பாவின் மேல் இதை எழுதியிருக்க மாட்டார்கள். எல்லாவற்றிலும் கீறல் விழாது என்றுதான் போட்டிருக்கும்.

அதனால் புது பாலிஷ் எது கையில் வந்தாலும் நான் அதை ஒரு பழைய சிடியின் அடிப்பக்கத்தில் தேய்த்துப் பார்க்கிறேன். கடுகளவு பாலிஷ், சுத்தமான துணி, ஒரே திசையில் நேர்கோடாக இருபது முறை. துடைத்துவிட்டு விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்தால், ஒவ்வொரு பாலிஷும் தன் கையெழுத்தைப் போட்டிருக்கும். சிலவற்றில் ஆழமான தனித்தனிக் கோடுகள் தெரியும். சிலவற்றில் புகை படிந்தது போன்ற சீரான மங்கல். சிலவற்றில் கூர்ந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. தனித்தனிக் கோடுகள் விழுந்தால் அந்தப் பாலிஷில் பொடியின் அளவு ஒரே சீராக இல்லை என்று எடுத்துக்கொள்வேன், அதை மங்கிய ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட் போன்ற இடங்களுக்கு ஒதுக்கிவிடுவேன். சீரான மங்கல் வந்தால் அலுமினியத்துக்கு முதல் சுற்று வேலைக்கு ஆகும். ஒன்றுமே தெரியாதது குரோமுக்கும், அலுமினியத்தின் கடைசிச் சுற்றுக்கும். சிடியின் பிளாஸ்டிக், உலோகத்தைவிட மென்மையானது என்பதால் அதில் விழும் கீறல் அலுமினியத்தில் அதே ஆழத்துக்கு விழாது. ஒன்றோடு ஒன்றை ஒப்பிட இது போதும்.

கடைகளில் கிடைப்பவற்றை வடிவத்தை வைத்துப் பிரித்தாலும் ஓரளவு பிடிபடும். திரவத்தில் ஊறவைத்த பஞ்சாக டப்பாவில் வரும் 'நெவர் டல்' போன்றவை மிக மென்மையானவை. ஸ்போக்குக்கு நடுவே, கேபிளுக்குப் பின்னால், போல்ட் தலையைச் சுற்றி என்று விரல் போகும் இடமெல்லாம் பஞ்சைப் பிய்த்துத் தேய்க்கலாம், காய்ந்துபோன வெள்ளைக் கறை மிஞ்சாது. மாதாந்திரப் பராமரிப்புக்கு எனக்குப் பிடித்தது இந்த வகைதான். நன்றாகப் பூத்துப்போன அலுமினியத்தை அது ஒன்றும் செய்யாது. டியூபில் வரும் பேஸ்ட் வகையில் ஜெர்மனியின் ஆட்டோசால் பைக்காரர்களிடம் பல காலமாகப் பெயர் பெற்றது. மங்கிய அலுமினியத்தை மீட்டெடுக்கவும், குரோமில் துருப்புள்ளி எடுக்கவும் அது கைகொடுக்கும், ஆனால் வாராவாரம் குரோமில் போட நான் அதைத் தொடமாட்டேன். பிராஸ்ஸோ போன்ற திரவங்கள் பித்தளைக்கும் செம்புக்கும் பேர்போனவை. அலுமினியத்தில் அது வேலை செய்யும், ஆனால் எஞ்சின் துடுப்புகளுக்கு நடுவே வழிந்து காய்ந்தால் அந்த வெள்ளைப் பொடியை எடுக்கப் பல்துலக்கும் பிரஷ்ஷோடு உட்கார வேண்டும். அப்புறம் பஃப் சக்கரத்துக்கான, அதாவது மோட்டாரில் சுழலும் துணிச் சக்கரத்துக்கான பாலிஷ் கட்டிகள். அவை வீட்டில் கையால் தேய்ப்பவருக்குத் தேவையில்லை.

ஒரு பாலிஷைத் தேர்ந்தெடுக்க என்னிடம் இருக்கும் ஒரே விதி: இருப்பதிலேயே மென்மையானதில் தொடங்கு, அது தோற்றால் மட்டும் அடுத்த படிக்குப் போ. முந்தைய சொந்தக்காரர் இதைத் தலைகீழாகச் செய்திருந்தார், அதனால்தான் எனக்கு மட்கார்டில் அந்த மஞ்சள்.

தேய்க்கும் முறைக்கு வருவதற்கு முன், கழுவுவதைப் பற்றி. பாலிஷில் பொடி எவ்வளவு மென்மையாக இருந்தாலும், பாகத்தின் மேல் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தால் கீறல் போடுவது அதுதான். நடுநிலையான வண்டி ஷாம்பு, நிறையத் தண்ணீர், நன்றாக உலரும்வரை பொறுமை. எண்ணெய்ப் பசையை எடுக்கும் கடுமையான டிகிரீசர் வேண்டாம். அலுமினியத்தின் ஆக்சைடுத் தோல் சுமார் 4 முதல் 8.5 பிஎச் வரைதான் நிலைத்து நிற்கும். அதைவிட அமிலமானாலும் காரமானாலும் கரையும். அடுப்புக் கறை நீக்கும் காஸ்டிக் சோடா கலந்த பொருள்களை அலுமினியத்தில் தெளித்தால் சில நிமிடங்களில் சாம்பல் படிந்து, பூச்சி அரித்தது போலாகிவிடும். வீல் கிளீனர் என்று விற்பவற்றில் சில, ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் அல்லது அந்தக் குடும்பத்து உப்புகளைக் கொண்டவை. அவை உலோகத்துக்கு மட்டும் ஆபத்து இல்லை, தோலில் பட்டால் வலி உடனே தெரியாமல் உள்ளே இறங்கிப் புண்ணாக்கக்கூடியவை. லேபிளில் ஃப்ளூரைடு என்ற சொல்லைக் கண்டால் நான் திருப்பி வைத்துவிடுவேன். வினிகர், எலுமிச்சை, பற்பசை இவற்றைப் பலர் சொல்கிறார்கள். பற்பசையும் ஒரு மென்மையான அராவும் பொடிதான், லேசான மங்கலுக்கு வேலை செய்யும். அமிலங்கள் அழுக்கை எடுக்கும், பளபளப்பைத் தராது, கழுவாமல் விட்டால் கறை போடும். அதற்கென்று ஒரு பொருள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

என் கிளட்ச் கவர் வெள்ளையாகப் பூத்து, அடியோரத்தில் குண்டூசி முனையளவு குழிகளோடு இருந்தது. குழி இருந்தால் எந்தப் பாலிஷும் போதாது. குழியின் அடிவரை சுற்றியுள்ள உலோகத்தை இறக்கினால்தான் குழி மறையும், அது வாட்டர் பேப்பரின் வேலை. கவரைக் கழற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த 400 எண் தாளில் தொடங்கினேன். பிறகு 600, 1000, 2000. தாளின் எண் கூடக் கூடப் பொடி சிறிதாகும். 400 எண்ணில் துகள் சராசரி 35 மைக்ரான், 2000 எண்ணில் சுமார் 10. ஒவ்வொரு தாளுக்கும் திசையைக் குறுக்கே மாற்ற வேண்டும், முந்தைய தாளின் கோடு முழுக்க மறைந்தால்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். 600இல் அவசரப்பட்டுத் தாண்டிவிட்டால் அந்தக் கோடு கடைசிப் பளபளப்பில் எழும்பி நிற்கும். கேஸ்கெட் உட்காரும் விளிம்பை மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்துவிட வேண்டும், அங்கே ஒரு கீறல் விழுந்தால் எண்ணெய் கசியும்.

2000 முடிந்தபோது கவர் மேகமூட்டமான வெள்ளி நிறத்தில் இருந்தது. அதன் மேல் பேஸ்ட் வைத்து பனியன் துணியால் சிறு சிறு வட்டமாகத் தேய்த்ததும் துணி கறுத்தது. வெறும் அலுமினியத்தில் இந்தக் கறுப்பு நிற்கவே நிற்காது. அது அழுக்கில்லை, அராவி வரும் அலுமினியத் துகள். துணி வெள்ளையாக வரும்வரை தேய்ப்பேன் என்று உட்கார்ந்தால் கவரே தேய்ந்துவிடும். எப்போது நிறுத்துவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அடையாளம், கவரின் எதிரே ஓர் இரும்பு அளவுகோலைச் செங்குத்தாகப் பிடிப்பது. பிம்பத்தில் அளவுகோலின் எண்கள் எவ்வளவு தூரம் வரை படிக்க முடிகிறது என்று பார்ப்பேன். தொடக்கத்தில் கவரைத் தொட்டிருக்கும் எண்ணே கலங்கலாக இருக்கும். தேய்க்கத் தேய்க்கப் பத்து, பதினைந்து சென்டிமீட்டர் வரை தெளியும். இன்னொரு சுற்றுத் தேய்த்தும் அந்தத் தூரம் கூடவில்லை என்றால் அந்தப் பாலிஷால் ஆனது அவ்வளவுதான். அதைவிட மென்மையான ஒன்றுக்கு மாற வேண்டும், அல்லது நிறுத்திக்கொள்ளலாம். துணியை அடிக்கடி திருப்பிப் போடுவதும் முக்கியம், கறுத்துக் காய்ந்த துணி மீண்டும் கீறும்.

ஹப்பில் மிச்சமிருந்த கிளியர் கோட்டைப் பெயின்ட் ரிமூவர் போட்டு முழுக்க எடுத்தேன். பாதிக் கோட்டை வைத்துக்கொண்டு எந்தப் பாலிஷும் சீராக வராது. கிளியர் கோட்டின் அடியில் புழு ஊர்ந்தது போல வெள்ளைக் கோடுகள் ஓடியிருந்தால், கல் பட்டுக் கோட் உடைந்த இடத்தில் ஈரம் நுழைந்து உள்ளே அரித்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். மேலிருந்து தேய்ப்பது வீண். கோட்டை எடுத்தபின் நமக்கு இரண்டு வழி: மீண்டும் கோட் அடிப்பது, அல்லது வெறும் அலுமினியமாக விட்டு அடிக்கடி பாலிஷ் போடுவது. நான் இரண்டாவதை எடுத்தேன், அதற்குக் கொடுக்கும் விலை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அரைமணி நேரம். வேலை இல்லாமல் இருக்க விரும்புகிறவர்கள் கோட் அடித்துவிடுவது நல்லது.

குரோமில் துருப்புள்ளி எடுக்க எனக்குப் பிடித்த பொருள் பாலிஷே இல்லை, அலுமினியம் ஃபாயில். ஒரு துண்டைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, புள்ளியின் மேல் லேசாகத் தேய்த்தால் சாம்பல் நிறக் குழம்பு வரும், துரு கழன்றுவிடும். மோஸ் அளவில் குரோம் 8.5, அலுமினியம் 3க்கும் கீழே, ஆகவே ஃபாயில் குரோமைக் கீறுவது கடினம். மஞ்சள் தட்டிய, நிக்கல் தெரிகிற இடத்தில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. நிக்கல் குரோமைவிட மிகவும் மென்மையானது. சிலர் 0000 எண் ஸ்டீல் வுல், அதாவது மிக மெல்லிய இரும்பு நார் பயன்படுத்துகிறார்கள். உடைந்து விழும் இரும்பு இழைகள் இடுக்கில் தங்கிப் புதுத் துருவுக்கு வழி செய்யும், அதற்குப் பித்தளை வுல் மேல்.

துரு போன பிறகு அந்த இடத்தில் ஊசித்துளை இருக்கும். குரோம் ஒருபோதும் துருப்பிடிப்பதில்லை. அதிலிருக்கும் நுண்ணிய துளை வழியே தண்ணீர் இறங்கி அடியிலிருக்கும் இரும்பு துருவேறி வெளியே வருகிறது. துளையைப் பாலிஷால் மூட முடியாது, மெழுகால் அடைக்கலாம். துரு எடுத்த அன்றே வேக்ஸ் பூசாவிட்டால் அடுத்த ஈரத்தில் அதே புள்ளி திரும்ப வந்து உட்காரும். முலாம் செதிலாக உரிந்துவிட்டால் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

ஃபோர்க் குழாயிலும் குரோம்தான் இருக்கிறது, ஆனால் அது அலங்காரக் குரோம் இல்லை, தேய்மானம் தாங்குவதற்காகத் தடிமனாகப் பூசிய ஹார்டு குரோம். பளபளக்கட்டும் என்று அதில் பேஸ்ட் வைத்துத் தேய்த்தால், மிஞ்சிய பொடி எண்ணெய் சீலின் உதட்டுக்குள் போய் சீலைத் தின்றுவிடும். ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணி. பூச்சி ஒட்டியிருந்தால் ஊறவைத்து எடுக்க வேண்டும்.

பிரேக் டிஸ்கில் பாலிஷ் படவே கூடாது. ஒரு சொட்டு பட்டாலும் பேடில் ஏறி பிரேக் பிடிக்காமல் போகும். ரிம்மைத் தேய்க்கும்போது டிஸ்கின் மேல் பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி டேப் ஒட்டிவிடுகிறேன். அதேபோல் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டுச் சக்கரம் சுற்றும்போதே துணியைப் பிடித்துக்கொண்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். துணி செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே இழுபட்டால் விரலும் கூடவே போகும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும், எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். டிரில்லில் பஃப் மாட்டி வேலை செய்பவர்கள் முகக்கவசம், கண்ணாடி இரண்டும் போட்டுக்கொள்ளுங்கள். அலுமினியத் தூள் குவிந்திருக்கும் இடத்தில் இரும்பைக் கிரைண்டரில் பிடித்துத் தீப்பொறி பறக்கவிடாதீர்கள். நுண்ணிய அலுமினியம் தீப்பிடிக்கும், துருத்தூளோடு கலந்திருந்தால் எரியும் வெப்பம் மிகக் கடுமையாக இருக்கும்.

பாலிஷ் முடிந்ததும் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு வேக்ஸோ சீலன்ட்டோ பூசுகிறேன். கிளட்ச் கவர், ஹப், மட்கார்டு, ஹேண்டில்பார் இவற்றில் அது தாங்கும். சிலிண்டர் துடுப்பு, சைலன்சர் வளைவு போன்ற சூடான இடங்களில் சாதாரண வேக்ஸ் எரிந்து கறை படிந்துவிடும், அங்கே பூசுவதில்லை. எந்தப் பாலிஷும் குளிர்ந்த உலோகத்தில், நிழலில். சூட்டில் வைத்தால் அராவும் முன்பே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். குரோமுக்கு ஒரு துணி, அலுமினியத்துக்கு ஒரு துணி என்று தனித்தனிப் பைகளில் வைத்திருக்கிறேன். அலுமினியத் துணியில் தங்கிய கரடுமுரடான துகள் குரோமுக்குப் போகக் கூடாது.

கடைசியாக, எல்லோரும் கேட்கும் இன்னொன்று: எஞ்சினிலிருந்து வெளியே வரும் சைலன்சர் வளைவு நீலமும் பழுப்புமாக மாறிவிட்டால் எந்தப் பாலிஷ் போடுவது? வெப்பத்தில் மேற்பரப்பில் உருவான ஆக்சைடுப் படலத்தின் நிறம் அது. அழுக்கில்லை என்பதால் சாதாரணக் குரோம் கிளீனரில் அசையாது. அதற்கென்றே ப்ளூயிங் ரிமூவர் என்று தனிப் பொருள் கிடைக்கிறது, அதிலும் அராவும் பொடிதான் வேலை செய்கிறது, ஒவ்வொரு முறையும் குரோமில் கொஞ்சம் போகும். காரணம் அப்படியே இருந்தால் நான்கு நாள் ஓட்டினால் நீலம் மறுபடி வந்துவிடும். அதனால் டப்பா வாங்கும் முன் கார்புரேட்டரில் கலவை வற்றலாக, அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைந்து இருக்கிறதா, இன்டேக் ரப்பர் வெடித்துக் காற்று இழுக்கிறதா, சைலன்சர் சேரும் இடத்துக் கேஸ்கெட் கசிகிறதா, இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டிப் பார்த்துவிடுங்கள். இரட்டைச் சுவர்க் குழாய் போட்ட வண்டிகளில் வெளிச்சுவர் அவ்வளவு சூடாகாது, அவற்றில் இந்தத் தொல்லை அநேகமாக வராது. ஒற்றைச் சுவர்க் குழாய் என்றால், எஞ்சின் சரியாக இருந்தாலும் ஹெட்டை ஒட்டிய இரண்டு அங்குலம் லேசான தங்க நிறமாவது வழக்கம்தான், அதை நான் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.